கால்நடை மருத்துவம் படிக்க எந்தக் கல்லூரி? செலவும் பின்னால் வரும் சம்பளமும்

அமராவதிக்கரை:

வணக்கம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கால்நடை மருத்துவக் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் இருநூற்றுக்கு 194-ஐ ஒட்டி வருகிறது. நீட்டும் எழுதினாள். எம்.பி.பி.எஸ். கிடைக்கும் மதிப்பெண் இல்லை. அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை. வீட்டில் எப்போதும் இரண்டு மாடு நிற்கும். கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்கிறாள்.

நான் கரூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். இருக்கும் கொஞ்ச நிலத்தை அடமானம் வைத்துப் படிக்கவைக்க மனமில்லை. எனக்கு மூன்று வழிகள் தெரிகின்றன: நம் மாநில அரசுக் கல்லூரி, புதுச்சேரி, வட மாநிலத்தில் ஒரு தனியார் கல்லூரி. மூன்றாவதற்கு ஒரு முகவர் தினமும் அழைத்து, "இடம் உறுதி, மொத்தமாகப் பேசி முடித்துக்கொள்ளலாம்" என்கிறார். மைத்துனரோ "மாட்டு டாக்டருக்கு என்ன வரும்படி, பல் மருத்துவத்தில் சேர்த்துவிடு" என்று நச்சரிக்கிறார். எந்தக் கல்லூரியில் எவ்வளவு செலவாகும், படித்து முடித்தால் எவ்வளவு சம்பளம் வரும், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேப்பேரி மூத்தவர்:

ஐயா, முதல் வழிக்குள் கட்டண ஒப்பீடே தேவையில்லை. தமிழ்நாட்டில் வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி என ஏழு அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. ஏழும் 1989-இல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உறுப்புகள். கட்டணம் ஒன்று, பாடத்திட்டம் ஒன்று, பட்டத்தில் இருக்கும் முத்திரையும் ஒன்று. எல்லாம் சேர்த்து அறுநூறுக்கு மேற்பட்ட இடங்கள். 194 என்றால் ஏதோ ஒன்றில் இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. எது என்பதை உங்கள் இனப்பிரிவும் அந்த ஆண்டின் போட்டியும் தீர்மானிக்கும்.

அப்படியானால் எதை ஒப்பிடுவது? மாணவர் முன்னால் எந்த விலங்கு வந்து நிற்கிறது என்பதை. வேப்பேரி 1903-இல் தொடங்கிய கல்லூரி. அதன் மருத்துவமனை வாசலில் காலையில் நின்று பாருங்கள்: நாய், பூனை, கிளி, குதிரை எல்லாம் வரும். செல்லப்பிராணி அறுவை சிகிச்சை கற்க அதுபோல் வேறு இடம் இங்கே இல்லை. நாமக்கல் 1985-இல் வந்தது, அது கோழிக்கான ஊர். ஒரத்தநாடும் திருநெல்வேலியும் 2012-இல் தொடங்கியவை. ஒரத்தநாட்டில் டெல்டா மாடுகள், உம்பளச்சேரி இனம். நெல்லையில் செம்மறியும் வெள்ளாடும் அதிகம். உடுமலைக்குப் பக்கத்தில் பல்லடம் கறிக்கோழிப் பண்ணைகளும் காங்கேயம் மாடுகளும் இருக்கின்றன. தலைவாசல், உடுமலை, தேனி மூன்றும் 2020-21-ஐ ஒட்டித் தொடங்கியவை. அவற்றின் முதல் அணி இப்போதுதான் படிப்பை முடிக்கும் கட்டத்துக்கு வந்திருக்கிறது.

மைத்துனரிடம் ஒன்று கேளுங்கள். 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 95 லட்சம் மாடுகள், 98 லட்சத்துக்கு மேல் வெள்ளாடுகள், 12 கோடிக் கோழிகள். கோழி எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இத்தனைக்கும் வைத்தியம் பார்ப்பது யார்?

கணக்குப்புலி:

மூத்தவர் ஐயா, 12 கோடிக் கோழிகளும் ஆளுக்கு ஒரு ரூபாய் ஃபீஸ் கொடுப்பதில்லையே. வரவு செலவைப் பேசுவோம். இது ஐந்தரை ஆண்டுப் படிப்பு: நான்கரை ஆண்டு வகுப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. அதே பல்கலைக்கழகத்தில் பால்வளத் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம், கோழியினத் தொழில்நுட்பம் என்று பி.டெக். படிப்புகள் இருக்கின்றன. நான்கே ஆண்டு. ஒன்றரை ஆண்டு முன்னதாகச் சம்பளம் வாங்கலாம். செலவையும் வருமானத்தையும் மட்டும் பார்த்தால் பி.டெக். தான் மேல்.

டெல்டா டாக்டரம்மா:

கணக்குப்புலி அவர்களுக்கு: பி.டெக். முடித்தவர் பால் பதப்படுத்தும் ஆலையிலோ தீவன ஆலையிலோ நல்ல வேலைக்குப் போகலாம். ஆனால் கால்நடை மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது, ஒரு மாட்டுக்கு ஊசி போட்டுத் தொழில் நடத்த முடியாது. பி.வி.எஸ்சி. என்ற கால்நடை மருத்துவப் பட்டம் முடித்தவருக்கு அந்த ஆலைகளின் கதவும் திறந்தே இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கான கல்வித் தகுதியில்கூடக் கால்நடை அறிவியல் இருக்கிறது.

அமராவதிக்கரை அண்ணாவுக்கு என் வேலையைச் சொல்கிறேன். நான் கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் உதவி மருத்துவர். அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வு எழுதி வந்தவள். அடிப்படை ஊதியம் 55,000-ஐ ஒட்டித் தொடங்குகிறது. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி. ஒரத்தநாட்டில் படித்தாலும் வேப்பேரியில் படித்தாலும் ராஜஸ்தானில் லட்சங்களைக் கொட்டிப் படித்தாலும் இந்தச் சம்பளத்தில் ஒரு ரூபாய் கூடாது, குறையாது. கல்லூரியைச் செலவை வைத்துத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த நாற்காலியில் உட்காருவதற்கு ஆகும் காலம்தான் உண்மையான செலவு. தேர்வாணையம் 2019 நவம்பரில் 1,141 இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது, 2020 பிப்ரவரியில் தேர்வு நடந்தது. பணி ஆணை கைக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆனது. ஆண்டுதோறும் வரும் தேர்வு அல்ல இது. ஒரு அணிக்குப் படிப்பு முடிந்த மறு மாதமே அறிவிப்பு வரும். இன்னொரு அணி வழக்கும் காத்திருப்புமாகத் தவிக்கும். அந்த இடைவெளியில் என் வகுப்புத் தோழிகள் ஒப்பந்த வேலைக்குப் போனார்கள். 1962 என்று அழைத்தால் வருகிற நடமாடும் மருத்துவ ஊர்திகள் இருக்கின்றன அல்லவா, அதில் இருக்கும் மருத்துவர்களில் பலர் அப்படிக் காத்திருப்பவர்கள்தான்.

பெண் பிள்ளை என்பதால் கேட்கத் தயங்குவீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். வயிற்றில் கன்று நிலை மாறிக் கிடக்கும் மாட்டை இரவில் பார்க்கக் கூப்பிடுவார்கள். தோள் வரை கையை விட்டுக் கன்றைத் திருப்ப வேண்டும். உடல் பலத்தைவிட நிதானமும் கயிறு போடும் பழக்கமும்தான் அதற்குத் தேவை. ஊர்க்காரர்கள் முதல் மாதம் "டாக்டர் எங்கேம்மா?" என்று என்னிடமே கேட்டார்கள். ஒரு கன்றை உயிரோடு எடுத்த பிறகு அந்தக் கேள்வி நின்றுபோயிற்று. தொழுவத்தில் வளர்ந்த பெண்ணுக்கு இது பெரிய மலை இல்லை.

அமராவதிக்கரை:

மிக்க நன்றி அம்மா. கோமாரித் தடுப்பூசி போட வருகிற டாக்டரிடம் மகள் இதையேதான் கேட்டுக்கொண்டிருப்பாள். முகவர் சொல்லும் கல்லூரியைப் பற்றி யாராவது சொல்லுங்கள். ஆண்டுக்கு மூன்று லட்சம் கட்டணம், ஐந்து தவணை என்கிறார். கல்விக் கடன் எளிதில் கிடைக்கும் என்றும் சொல்கிறார்.

வங்கிக் கால்நடை:

நான் பி.வி.எஸ்சி. படித்துவிட்டுப் பொதுத்துறை வங்கியில் வேளாண் அலுவலராக இருப்பவன். (ஆம், அந்தத் தேர்வுக்குக் கால்நடை மருத்துவப் பட்டமும் தகுதி. அடிப்படை ஊதியம் 48,480-இல் தொடங்கும். மாட்டுக் கடன் விண்ணப்பத்தில் மாட்டின் படத்தைப் பார்த்தே அது எத்தனையாவது ஈற்று என்று சொல்லிவிடுவேன் என்று மேலாளர் கிண்டல் செய்வார்.) அன்றாடம் கல்விக் கடன் கோப்புகளைப் பார்க்கிறேன். ஐயாவும் கணக்கு எழுதுபவர் என்பதால் கணக்காகவே தருகிறேன்.

ஆண்டுக்கு மூன்று லட்சம் வீதம் ஐந்து ஆண்டு, வட்டி பத்து விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஆறரை ஆண்டு முடிந்து தவணை தொடங்கும் நாளில் தனி வட்டி மட்டும் ஆறே முக்கால் லட்சம். ஆக, கடன் 21.75 லட்சம். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 28,700 ரூபாய். விடுதி, சாப்பாடு, ஆண்டுக்கு இரண்டு முறை ரயில், எதுவும் இதில் சேரவில்லை. தனியார் நிறுவனத்தில் புதிதாகச் சேரும் கால்நடை மருத்துவருக்கு முதல் சம்பளம் பெரும்பாலும் முப்பதாயிரத்தைச் சுற்றித்தான். மீதி 1,300 ரூபாயில் உங்கள் மகள் வாடகை கொடுத்துச் சாப்பிட வேண்டும்.

இன்னொன்று: பொதுவாக ஏழரை லட்சம் வரைதான் சொத்துப் பிணை இல்லாமல் கடன் கிடைக்கும். அதற்கு மேல் போனால் வங்கி நிலப் பத்திரத்தைக் கேட்கும். அடமானம் வைக்க மனமில்லை என்று நீங்கள் சொன்ன அதே நிலம். அரசுக் கல்லூரி என்றால் கல்விக் கட்டணம், விடுதி, உணவு, புத்தகம் எல்லாம் சேர்த்தாலும் அந்த ஏழரை லட்ச வரம்புக்குள்ளேயே முடித்துவிடலாம். குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிப்புக் கால வட்டிக்கு மத்திய அரசின் மானியமும் இருக்கிறது. கல்லூரியின் தரச் சான்றைப் பொறுத்தது அது, கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"மொத்தமாகப் பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று ஒருவர் சொன்னால் ரசீது இல்லாத பணம் என்று பொருள். அதற்கு எந்த வங்கியும் கடன் தராது.

முட்டை மண்டலம்:

முப்பதாயிரம் என்று வங்கிக்காரர் சொன்னது சரி, ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் நாமக்கல்காரன் எனக்குப் பொறுக்காது. கோழி நிறுவனங்களில் முதல் இரண்டு ஆண்டு பண்ணை பண்ணையாக அலைச்சல்தான். இறந்த கோழியை அறுத்துப் பார்ப்பது, தண்ணீரைச் சோதிப்பது, தடுப்பூசி அட்டவணை போடுவது. வண்டிக்கும் பெட்ரோலுக்கும் தனியாகத் தருவார்கள். அதன்பிறகு தீவனக் கலவையில் கை தேர்ந்தவருக்குச் சம்பளம் வேகமாக ஏறும். லட்சக்கணக்கான கோழிகள் உள்ள பண்ணையில் தீவனச் செலவில் கிலோவுக்குச் சில காசுகளை மிச்சப்படுத்துகிறவரை முதலாளி விடமாட்டார். கால்நடை ஊட்டச்சத்தியலில் எம்.வி.எஸ்சி. என்ற மேற்படிப்பு இருந்தால் இன்னும் நல்லது. இந்த வழியில் போக நினைத்தால் நாமக்கல்லும் உடுமலையும் வேப்பேரியைவிட மேல். மூத்தவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

வேப்பேரி மூத்தவர்:

கோபமில்லை தம்பி. கோழிக்குக் காய்ச்சல் வந்தால் நாமக்கல்லைத்தான் கேட்க வேண்டும் என்று நாங்களே சொல்வோம்.

கோவை கிளினிக்:

செல்லப்பிராணிப் பக்கத்தைச் சொல்கிறேன். நகரத்தில் கிளினிக் வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இதுதான் பணம் கொழிக்கும் துறை என்று தோன்றும். படித்து முடித்ததும் இன்னொருவர் கிளினிக்கில் சேர்ந்தால் கோழி நிறுவனத்தைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். அங்கே இரண்டு மூன்று ஆண்டு கை பழகாமல் தனியாகத் தொடங்கினால், கருப்பை அகற்றும் அறுவையில் இரத்தம் நிற்காதபோது என்ன செய்வதென்று தெரியாது. சொந்தக் கிளினிக் என்றால் எக்ஸ்ரே, ஸ்கேன், மயக்க மருந்துக் கருவி, இரத்தப் பரிசோதனைக் கருவி என்று முதலீடு லட்சங்களில் போகும். படிப்புக் கடன் தோளில் இருப்பவருக்கு வங்கி இரண்டாவது கடன் தரத் தயங்கும். குறைந்த செலவில் படித்தவர் முப்பது வயதுக்குள் சொந்தப் பலகை மாட்டுகிறார். என்னுடன் படித்தவர்களில் நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான்.

மீரட் வழி:

யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். ராணுவத்தில் ரிமவுண்ட் மற்றும் கால்நடை மருத்துவப் பிரிவு இருக்கிறது. குறுகிய காலப் பணியில் சேரும்போதே கேப்டன் பதவி. அடிப்படை 61,300, ராணுவப் பணி ஊதியம் 15,500, தனித்தொழில் செய்யாமைக்கான படி அடிப்படையில் இருபது விழுக்காடாக 12,260. இவை மட்டுமே 89,060. அகவிலைப்படி தனி. எடுப்பது மிகச் சிலரை. நேர்முகத் தேர்வு கடினம். வயது 21 முதல் 32 வரை. குதிரை, கோவேறு கழுதை, மோப்ப நாய் இவற்றில் ஆர்வம் இருந்தால் முயலலாம். நம் பக்கத்தில் பலருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது.

டெக்சாஸ் தமிழன்:

நாமக்கல்லில் படித்து இப்போது அமெரிக்காவில் இருக்கிறேன். "வெளிநாட்டுக்குப் போனால் கோடி" என்று சொல்லி அந்த முகவர்கள் விற்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். இந்தியப் பட்டம் இங்கே நேரடியாகச் செல்லாது. இ.சி.எஃப்.வி.ஜி. அல்லது பேவ் என்ற தகுதிச் சான்றுத் திட்டத்தை முடித்து, நாவ்லி தேர்வில் தேறி, பிறகு மாநில உரிமம் வாங்க வேண்டும். செயல்முறைத் தேர்வுக்கே டாலரில் ஆயிரக்கணக்கில் செலவு. எந்த இந்தியக் கல்லூரியில் படித்தீர்கள் என்பதற்கு இங்கே தனி மதிப்பெண் கிடையாது. கையில் அறுவைப் பழக்கம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஆகவே, வெளிநாட்டுக் கனவு இருந்தாலும் அரசுக் கல்லூரியில் படித்து, மிச்சமாகும் பணத்தை அந்தத் தேர்வுகளுக்கு வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

கணக்குப்புலி:

சரி, பி.டெக். வாதத்தைத் தனியாக வைக்கிறேன். ஆனால் ஏழரை விழுக்காடு ஒதுக்கீட்டை யாரும் பேசவில்லையே? அதில் கட்டணமே இல்லை அல்லவா?

டெல்டா டாக்டரம்மா:

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. செலவு என்று பார்த்தால் அதற்கு மேல் மலிவு இல்லை. அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவர்கள் அதில் வர மாட்டார்கள். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு கலந்தாய்வுக்கு வந்து அழுத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அண்ணா, மகள் எங்கே படித்தாள்?

அமராவதிக்கரை:

உதவிபெறும் பள்ளி அம்மா. ஆக அது இல்லை. நான் பி.காம். படித்துவிட்டேன், முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை. படித்தது தப்பாகிவிட்டது! புதுச்சேரி?

வேப்பேரி மூத்தவர்:

புதுச்சேரியில் ராஜீவ் காந்தி பெயரிலான கால்நடை மருத்துவக் கல்லூரி 1994 முதல் இருக்கிறது, நல்ல கல்லூரி. ஆனால் பெரும்பங்கு இடங்கள் புதுச்சேரி மாணவர்களுக்கு. சேர்க்கை நீட் அடிப்படையில். உங்கள் மகள் நீட் எழுதியிருப்பதால் ஒன்று செய்யுங்கள். ஒவ்வோர் அரசுக் கல்லூரியிலும் பதினைந்து விழுக்காடு இடம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு. இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் நீட் தரவரிசையை வைத்து இணையவழியில் அதை நிரப்புகிறது. பெங்களூரு ஹெப்பால், கேரளத்தின் மண்ணுத்தி, திருப்பதி, மும்பை எல்லாம் அதில் வரும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு பிளஸ் டூ மதிப்பெண், அகில இந்தியத்துக்கு நீட். இரண்டும் தனித்தனி விண்ணப்பம், இரண்டையும் போட்டுவையுங்கள்.

முகவர் சொல்லும் கல்லூரியின் பெயரைக் கேட்டு, அது கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறதா என்று பாருங்கள். 1984-ஆம் ஆண்டுச் சட்டம் அது. பட்டியலில் இல்லாத பட்டத்தை வைத்து எந்த மாநிலக் கவுன்சிலிலும் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாவிட்டால் தேர்வாணைய விண்ணப்பமும் இல்லை, சொந்தத் தொழிலும் இல்லை. "அனுமதி விண்ணப்பித்திருக்கிறோம்" என்ற பதில் வந்தால் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

ஒரத்தநாடு இறுதியாண்டு:

நான் இப்போது உள்ளுறைப் பயிற்சியில் இருக்கிறேன், உள்ளே இருந்து சொல்கிறேன். கல்விக் கட்டணம் எங்கள் வீட்டில் பெரிய சுமையாக இருந்ததில்லை. மாதாமாதம் வந்த மெஸ் பில்தான் அப்பாவை யோசிக்கவைத்தது. பகிர்வு முறை மெஸ் என்பதால் மாணவர்களே செலவைக் கண்காணிக்கிறோம். முட்டை விலை ஏறினால் எங்களுக்குத்தான் முதலில் தெரியும். பயிற்சி ஆண்டில் உதவித்தொகை வருகிறது, ஆனால் எம்.பி.பி.எஸ். பயிற்சி மருத்துவர்கள் வாங்குவதைவிடக் குறைவு. வேலை அதே அளவு, சில நாள் அவர்களைவிட அழுக்கு அதிகம். பண்ணைப் பணி, ஆம்புலன்ஸ் பணி, வெளியூர் முகாம் என்று சுற்றுவதால் பயணச் செலவு கொஞ்சம் கையைக் கடிக்கும்.

அடுத்து எம்.வி.எஸ்சி. போக நினைக்கிறேன். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.ஏ.ஆர்.) முதுநிலை உதவித்தொகை கிடைத்தால் மாதம் 12,640. அதில் இரண்டு ஆண்டு வீட்டில் கேட்காமல் ஓட்டிவிடலாம். ஆசிரியப் பணி வேண்டுமென்றால் மேற்படிப்பு கட்டாயம். உதவிப் பேராசிரியருக்கு அடிப்படை 57,700.

அமராவதிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு இதை முழுதும் மகளுக்கும் மைத்துனருக்கும் படித்துக் காட்டினேன். 89,060 என்ற இடத்தில் மைத்துனர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படிக்கச் சொன்னார். முகவரிடம் முதல் அட்டவணை என்று கேட்டேன். "மேலாளரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றவர் பிறகு அழைக்கவில்லை. மகளுக்குச் செல்லப்பிராணியில் நாட்டமில்லை, மாடுதான். அதனால் கலந்தாய்வில் ஒரத்தநாடு, நாமக்கல், உடுமலை, பிறகு மற்றவை என்ற வரிசையில் கேட்க எண்ணம். வேப்பேரி கிடைக்கிற தரவரிசை வந்தால் அதைக் கடைசியில் வைப்பது முட்டாள்தனமா?

வேப்பேரி மூத்தவர்:

என் வாயால் சொல்ல வைக்கிறீர்கள். மாடு பார்க்க விரும்பும் பெண்ணுக்குச் சென்னை விடுதி அவசியமில்லை. உங்கள் வரிசை சரி. அறுவை சிகிச்சையில் மனம் மாறினால் மேற்படிப்புக்கு வேப்பேரி வரட்டும்.

முட்டை மண்டலம்:

கரூரிலிருந்து நாமக்கல் ஒரு மணி நேரப் பயணம் அண்ணா. வாரம்தோறும் வீட்டுச் சாப்பாடு. அதையும் செலவுக் கணக்கில் சேருங்கள், வரிசையில் நாமக்கல் மேலே வரும்!

ஒரத்தநாடு இறுதியாண்டு:

எங்கே வந்தாலும் சேர்க்கை நாளிலேயே கடைத்தெருவில் கம்பூட்ஸ், வெள்ளைக் கோட்டு, உடற்கூறுப் பெட்டி, முதலாண்டுப் புத்தகம் என்று அள்ளிவிட வேண்டாம் ஐயா. கோட்டும் பூட்ஸும் மட்டும் புதிதாக வாங்கினால் போதும். பெட்டியும் புத்தகமும் விடுதியில் அக்காக்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும்.